ஒரு சேவரிலிருந்து 40 கணினிக்கு மென்பொருள் நிறுவும் முறை

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகம், கிண்ணியா, மூதூர், கந்தளாயில் கிளைகள், எல்லாம் சேர்த்து 40 கணினி என்று வைத்துக்கொள்வோம். பென் டிரைவும் கையுமாக மேசை மேசையாகப் போய் ஒரு பிடிஎப் ரீடரைப் புதுப்பித்தால் நகரத்துக்கே ஒரு நாள் போய்விடும். மூதூருக்குப் போன அன்று பார்த்து அந்தக் கணினிக்காரர் லீவில் இருப்பார். கடைசிக் கணினியை முடிக்கும்போது அடுத்த பதிப்பு வந்திருக்கும்.

வின்டோஸ் டொமைன் (எல்லாக் கணினியையும் பயனரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள அலுவலகத்தில் இதற்கான வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது குரூப் பொலிசி: சேவரில் ஒருமுறை எழுதும் அமைப்பை டொமைனிலுள்ள கணினிகள் தாமே எடுத்துக்கொள்ளும் வசதி. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கீழே கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

நிறுவுவது யார்?

குரூப் பொலிசி வழியாகப் போகும் மென்பொருளை நிறுவுவது கணினியின் 'சிஸ்டம்' கணக்கு. லொகின் திரை வருமுன்னே அது வேலையைத் தொடங்கிவிடும். 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்த அதற்குக் கை இல்லை, கேள்வி கேட்டுப் பெட்டி வந்தால் பார்க்கக் கண் இல்லை. உங்கள் லொகினில் தெரிகிற 'இசட்' டிரைவ் அதற்குத் தெரியாது. சேவரின் கதவைத் தட்டும்போது அது சொல்லும் பெயர், கணினியின் பெயரும் கடைசியில் ஒரு டொலர் குறியும். அட்மினாக லொகின் செய்து, பைலை இரண்டு தரம் சொடுக்கி, "எனக்குச் சரியாக வருகிறதே" என்று 40 கணினிக்கும் அனுப்பிவிடுவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

ஆகவே எந்தப் பொதியையும் (நிறுவல் பைலையும்) முதலில் சிஸ்டம் கணக்காகவே நிறுவிப் பாருங்கள். மைக்ரோசொப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிஎஸ்எக்ஸெக் என்றொரு சிறு கருவி இலவசமாகக் கிடைக்கிறது. சோதனைக் கணினியில் அட்மின் கொமான்ட் திரையைத் திறந்து 'பிஎஸ்எக்ஸெக் -எஸ் -ஐ சிஎம்டி' என்று அடித்தால் இன்னொரு கறுப்புத் திரை வரும். அதில் 'ஹூஅம்ஐ' என்று கேளுங்கள். 'என்டி அதோரிட்டி\சிஸ்டம்' என்று பதில் வந்தால் நீங்கள் இப்போது அந்தக் கணக்கின் இடத்தில் நிற்கிறீர்கள். இங்கிருந்து எம்எஸ்ஐ பொதியை (வின்டோஸ் இன்ஸ்டோலர் வகை நிறுவல் பைலை) இப்படி நிறுவுங்கள்:

ஸ்டாட் /வெயிட் எம்எஸ்ஐஎக்ஸெக் /ஐ \\சேவர்\ஷெயார்\பொதி.எம்எஸ்ஐ /கியூஎன் /நோரீஸ்டாட் /எல்*வி சி:\டெம்ப்\டெஸ்ட்.லொக்

'ஸ்டாட் /வெயிட்' முக்கியம். அதை விட்டால் நிறுவல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க, கட்டளைத் திரை உடனே திரும்பிவிடும். அப்போது 'எக்கோ %எரர்லெவல்%' காட்டும் எண்ணை நம்ப முடியாது.

அந்த எண்ணைப் படிப்பது இப்படி: 0 என்றால் முடிந்தது. 3010 என்றாலும் முடிந்ததுதான், ஒரு ரீஸ்டாட் மட்டும் பாக்கி. 1641 என்றால் ரீஸ்டாட்டை அதுவே தொடங்கிவிட்டது. 1618 வந்தால் வேறொரு நிறுவல் ஓடுகிறது, சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். 1619 என்றால் பொதியைத் திறக்க முடியவில்லை: பெரும்பாலும் பாதையில் எழுத்துப் பிழை, அல்லது ஷெயாரில் (சேவரில் பகிர்ந்த போல்டரில்) அனுமதி இல்லை. 1638 என்றால் அதே பொருளின் வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1603 ஒரு சாக்குப் பை, எல்லாத் தோல்வியும் அதற்குள் வந்து விழும். அந்த எண்ணை மட்டும் வைத்துக் கூகிளில் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். லொக் பைலைத் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். முதலில் அகப்படும் இடத்துக்கு மேலே பத்துப் பதினைந்து வரிக்குள் உண்மைக் காரணம் இருக்கும்.

ஷெயார்

பொதிகளை வைக்க சேவரில் ஒரு போல்டரை உருவாக்கி, பெயரின் கடைசியில் டொலர் குறி வைத்து ஷெயார் செய்யுங்கள். டொலர் குறி இருந்தால் உலாவும்போது கண்ணில் படாது. ஷெயார் அனுமதியிலும் என்டிஎப்எஸ் (வட்டிலுள்ள போல்டரின்) அனுமதியிலும் 'டொமைன் கொம்பியூட்டர்ஸ்' குழுவுக்கு வாசிப்பு அனுமதி வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் நிறுவல் நடக்காது. எழுதும் அனுமதி அட்மின்களுக்கு மட்டும். இந்த போல்டரில் யாராவது ஒரு பைலை மாற்றி வைத்தால் அது 40 கணினியிலும் உச்ச அதிகாரத்தோடு ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

உள்ளே பொருளுக்கு ஒரு போல்டர், அதற்குள் பதிப்புக்கு ஒரு போல்டர். புதிய பதிப்பைப் பழைய பைலின் மேலே அதே பெயரில் ஒட்டிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை அடியோடு விடுங்கள். நிறுவிய கணினி அந்தப் பொருளைப் பழுதுபார்க்க வரும்போது பழைய பொதியின் அடையாள எண்ணைத் தேடும், அங்கே வேறொன்று இருக்கும், 1612 என்று திரும்பிவிடும். போல்டர், பைல் பெயர்களில் தமிழோ சிங்களமோ இடைவெளியோ வேண்டாம். பற்ச் பைல்கள் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பைல்கள்) அவற்றை அடிக்கடி குளறுபடி ஆக்கும்.

பொலிசி

1. குரூப் பொலிசி மனேஜ்மன்ட் கொன்சோலில், கணினிக் கணக்குகள் இருக்கும் ஓயூவை (டொமைனில் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவை) தெரிவுசெய்து புதிய ஜிபிஓ (பொலிசி அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றை உருவாக்குங்கள். பயனர்கள் மட்டும் இருக்கும் ஓயூவில் இணைத்தால் கணினிப் பகுதி அமைப்பு ஒன்றும் நடக்காது. ஒரு பொருளுக்கு ஒரு ஜிபிஓ, பெயரில் பதிப்பு எண்ணும் இருக்கட்டும்.

2. கொம்பியூட்டர் கொன்பிகரேஷன், பொலிசீஸ், சொப்ட்வெயார் செட்டிங்ஸ், சொப்ட்வெயார் இன்ஸ்டலேஷன் என்று போய், வலது சொடுக்கில் நியூ, பெக்கேஜ். இங்கே எம்எஸ்ஐ பைலைத்தான் ஏற்கும். திறக்கும் பெட்டியில் இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் சேவர் பாதையைக் கையால் அடியுங்கள். சேவரிலேயே உட்கார்ந்திருப்பதால் 'டி' டிரைவில் போய்ச் சொடுக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கணினியும் தன் சொந்த 'டி' டிரைவில் பொதியைத் தேடும்.

3. அடுத்து வரும் கேள்விக்கு 'அசைன்ட்' என்று விடாமல் 'அட்வான்ஸ்ட்' கொடுங்கள். எம்எஸ்டி மாற்றப் பைல் (எம்எஸ்ஐயின் அமைப்புகளை நமக்கேற்ப மாற்றும் பைல்) இருந்தால் அதைச் சேர்க்க இது ஒன்றுதான் தருணம். 'ஓகே' அழுத்திய பிறகு சேர்க்க முடியாது, பொதியையே அகற்றி மீண்டும் தொடங்க வேண்டும். மொழி பொருந்தாவிட்டாலும் நிறுவு என்ற தெரிவும் இதற்குள்தான் இருக்கிறது.

4. செக்கியூரிட்டி பில்டரிங்கில் 'ஒதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதை எடுத்துவிட்டு, சோதனைக் கணினிகள் மூன்றைக் கொண்ட ஒரு குழுவைப் போடுங்கள். மூன்றும் ஒரே மாதிரியாக இருக்கக் கூடாது. இருப்பதிலேயே பழையது ஒன்று, கணக்குப் பிரிவில் ஒன்று, கிளையில் ஒன்று. கணினி புதிய குழுவில் சேர்ந்ததை அது தானே அறிய ஒரு ரீஸ்டாட் தேவை. "குழுவில் போட்டேன், ஒன்றும் வரவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றும் ஒரு கிழமை பிசகில்லாமல் ஓடினால் பத்து, பிறகு எல்லாம்.

காலையில் ஏன் வரவில்லை

அமைப்பெல்லாம் சரி, ஆனால் சில கணினிகளில் மட்டும் மென்பொருள் இறங்காது. ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் லொக்கில் 'அப்ளிகேஷன் மனேஜ்மன்ட் குரூப் பொலிசி' என்ற மூலத்தில் தேடுங்கள். 101ஆம் எண் நிகழ்வும் கூடவே 1274 என்ற பிழையும் இருந்தால், கணினி பொலிசியைப் பார்த்திருக்கிறது, ஆனால் கணினி எழும் வேளையில் பார்க்கவில்லை. மென்பொருள் நிறுவல் அந்த வேளையில் மட்டுமே நடக்கும். பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் புதுப்பிப்பில் நடக்காது, 'ஜிபிஅப்டேட் /போர்ஸ்' அடித்தாலும் அது ரீஸ்டாட் கேட்கும்.

முதல் சந்தேகம் பாஸ்ட் ஸ்டாட்டப் மேல். மாலையில் 'ஷட் டவுன்' கொடுத்துக் காலையில் போட்டால், வின்டோஸ் 10, 11 முழுதாக எழுவதில்லை. நேற்றைய கேர்னலை (வின்டோஸின் மையப் பகுதியை) வட்டிலிருந்து எடுத்து விரித்துக்கொள்கிறது. பயனர் தினமும் அணைத்துப் போடுகிறார், ஆனால் கணினியோ மாதக் கணக்கில் ஒருமுறையும் முழுதாக எழவில்லை. ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கொன்ட்ரோல்செட், கொன்ட்ரோல், செஷன் மனேஜர், பவர் என்ற இடத்தில் 'ஹைபர்பூட்எனேபிள்ட்' மதிப்பை 0 ஆக்கி, குரூப் பொலிசி பிரெபரன்ஸ் வழியாக எல்லாக் கணினிக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது, வலையமைப்பு எழுமுன் கணினி எழுந்துவிடுவது. எஸ்எஸ்டி போட்ட கணினிகளில் இது சர்வ சாதாரணம். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லொகொன் பகுதியில் 'ஓல்வேஸ் வெயிட் போர் த நெட்வேக்' என்று தொடங்கும் அமைப்பை இயக்குங்கள். அதோடு சிஸ்டம், குரூப் பொலிசி பகுதியிலுள்ள தொடக்கக் காத்திருப்பு நேரத்தை 60 விநாடி ஆக்கலாம். மனேஜ்ட் சுவிட்ச் உள்ள இடத்தில் ஸ்பானிங் ட்ரீயையும் (கேபிள் இணைப்பில் வளையம் விழாமல் காக்கும் முறையையும்) பாருங்கள். போர்ட்பாஸ்ட் (அதன் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போடாத முனையில் கேபிள் உயிர்பெற்று 30 விநாடி கழித்துத்தான் தரவு போகும். வைபை மட்டும் உள்ள லப்டொப்புக்கு லொகின் செய்யுமுன் வலையமைப்பே கிடைக்காமல் போகலாம், அதற்குக் கேபிள் போட்டு ஒரு தரம் எழுப்புவதே சுலபம்.

மூன்றாவது, நம் ஊர்ப் பிரச்சினை. கார்த்திகை, மார்கழி மழையில் இடி மின்னலுக்குப் பயந்து மாலையில் பிளக்கையே கழற்றிவிட்டுப் போவார்கள். அதில் தப்பில்லை, கருகிய நெட்வேக் காட்டுகளைப் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மின்சாரம் முழுதாக நின்றிருக்கும் நேரமெல்லாம் மதர்போட்டிலுள்ள சிஆர்2032 பற்றரிதான் கடிகாரத்தை ஓட்டும். பழைய கணினியில் அது செத்தால் காலையில் கணினி ஏதோ பழைய ஆண்டில் கண்விழிக்கும். டொமைன் கொன்ட்ரோலரின் (டொமைனை நடத்தும் சேவரின்) நேரத்துக்கும் இதற்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பெரோஸ் (டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) அனுமதி தராது, ஷெயாரும் திறக்காது. சற்றுப் பொறுத்து நேரம் தானாகச் சரியாகிவிடுவதால் நீங்கள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். பொலிசியை நோண்டுமுன் ஒரு பற்றரியை மாற்றிப் பாருங்கள். இரவில் தூரத்திலிருந்தே கணினியை எழுப்பும் திட்டமும் கழற்றிய பிளக்கில் நடக்காது.

எக்ஸ்இ பொதிகள்

குரோம், 7-சிப், லிப்ரே ஒபிஸ் போன்றவை எம்எஸ்ஐயாகவே கிடைக்கும். எம்எஸ்ஐ கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால்தான் ஸ்டாட்டப் ஸ்கிரிப்ட் (கணினி எழும்போது ஓடும் கட்டளைப் பைல்). அமைதியாக நிறுவ வைக்கும் சுவிட்ச், பொதியைக் கட்டிய கருவியைப் பொறுத்தது. என்எஸ்ஐஎஸ் என்றால் '/எஸ்', அதுவும் பெரிய எழுத்தில். சிறிய எழுத்தில் கொடுத்தால் கண்டுகொள்ளாது. இன்னோ செட்டப் என்றால் '/வெரிசைலன்ட் /சப்ரஸ்எம்எஸ்ஜிபொக்சஸ் /நோரீஸ்டாட்'. இவற்றையும் பிஎஸ்எக்ஸெக் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். ஒரு கேள்விப் பெட்டி மறைவில் திறந்து காத்திருந்தால், ஸ்கிரிப்டின் கால எல்லை தீரும்வரை லொகின் திரை வராமலே போகலாம்.

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு காலையும் ஓடும் என்பதால், "ஏற்கெனவே இருக்கிறதா" என்று முதலில் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டோல் பகுதியில் 'டிஸ்ப்ளேவேர்ஷன்' மதிப்பை வாசியுங்கள். 32 பிட் மென்பொருளுக்கு வாவ்6432நோட் கிளையையும் பாருங்கள். டபிள்யூஎம்ஐயில் (வின்டோஸிடம் கணினி விவரம் கேட்கும் வசதியில்) 'வின்32_புரொடக்ட்' கேட்டால் ஒரே வரியில் முடியுமே என்று தோன்றும். கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்வி, நிறுவியிருக்கும் ஒவ்வொரு எம்எஸ்ஐ பொதியையும் சரிபார்க்கும், சிலதைப் பழுதுபார்க்கவும் தொடங்கிவிடும். பழைய விபிஸ்கிரிப்ட் துண்டுகளையும் இனிக் கொண்டுவராதீர்கள். 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. பவர்ஷெல்லில் எழுதுங்கள்.

கிளைகளுக்கு அனுப்பும் கணக்கு

ஒரு பொதி 350 எம்பி. கிண்ணியாக் கிளைக்கும் நகரத்துக்கும் இடையில் விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் தனி இணைப்பு) வழியாக 10 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்போம். 350 ஐ 8 ஆல் பெருக்கினால் 2800 மெகாபிட், அதை 10 ஆல் வகுத்தால் 280 விநாடி, ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. சோதனையில் ஒரு கணினியை வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே நடக்கும். திங்கள் காலை எட்டரைக்கு ஆறு கணினியையும் ஒன்றாகப் போட்டால் அதே வேலை 28 நிமிடம். ஸ்டாட்டப் ஸ்கிரிப்டுக்கு வின்டோஸ் தரும் இயல்பான கால எல்லை 600 விநாடி. பத்தாவது நிமிடத்தில் ஆறையும் நடுவில் வெட்டிவிடும். மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து. ஒரு கிழமை இப்படியே போனால் கிளையில் இணையம் மெதுவென்ற முறைப்பாடும் சேர்ந்து வரும்.

கால எல்லையை நீட்டலாம், ஆனால் அரை மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் இருக்க மாட்டார்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார்கள். நல்ல வழி, பைலைக் கொண்டுவருவதையும் நிறுவுவதையும் பிரிப்பது. குரூப் பொலிசி பிரெபரன்ஸ் வழியாக, சிஸ்டம் கணக்கில் ஓடும் ஷெடியூல்ட் டாஸ்க் ஒன்றை அனுப்புங்கள். அது வின்டோஸின் பிரதி செய்யும் கருவியான ரோபோகொப்பியை '/இசட்' சுவிட்சோடு ஓட்டி, பொதியைக் கணினியின் புரோகிராம்டேட்டாவுக்குள் ஒரு போல்டரில் சேர்க்கட்டும். '/இசட்' இருந்தால் இடையில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கிளை கிளையாக நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தில் மேசைகள் காலி, இணைப்பும் காலி. பிறகு ஸ்டாட்டப் ஸ்கிரிப்ட், பைல் முழுதாக வந்துவிட்டதா என்று அதன் ஹாஷை (பைலின் கைரேகை போன்ற எண்ணை) சரிபார்த்து, உள்ளூரிலிருந்தே நிறுவும். ரோபோகொப்பியின் முடிவு எண்ணில் 1 என்றால் பைல் பிரதியானது என்று பொருள். 8க்குக் குறைந்த எதுவும் தோல்வி இல்லை. 0 மட்டுமே வெற்றி என்று எழுதிய ஸ்கிரிப்ட் நல்ல பிரதியைத் தோல்வி என்று நினைத்து நின்றுவிடும்.

இணைப்பு 500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போனால் குரூப் பொலிசி மென்பொருள் நிறுவலைத் தானே தவிர்த்துவிடும். அதை மாற்றும் அமைப்பு உண்டு. மாற்றாமல் இருப்பதே மேல்.

எழுத்துருக்கள்

அலுவலகத்தில் அடிக்கடி வரும் ஒரு முறைப்பாடு: "நான் லொகின் செய்தால் பாமினிக் கடிதம் சரியாகத் தெரிகிறது, மற்றவர் செய்தால் ஆங்கில எழுத்துக் கிறுக்கலாகத் தெரிகிறது." வின்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருவை வலது சொடுக்கி 'இன்ஸ்டோல்' கொடுத்தால் அந்தப் பயனருக்கு மட்டுமே அது சேரும். 'இன்ஸ்டோல் போர் ஓல் யூசர்ஸ்' கொடுத்தால்தான் கணினிக்கு. ஸ்கிரிப்டில் இதைச் செய்ய இரண்டு வேலை: பைலை வின்டோஸ்\பொன்ட்ஸ் போல்டரில் பிரதி செய்வது, பிறகு எச்கேஎல்எம், சொப்ட்வெயார், மைக்ரோசொப்ட், வின்டோஸ் என்டி, கரன்ட்வேர்ஷன், பொன்ட்ஸ் என்ற ரெஜிஸ்ட்ரி இடத்தில் எழுத்துருவின் பெயருக்கு நேரே பைல் பெயரை எழுதுவது. பிரதி மட்டும் செய்துவிட்டு ரெஜிஸ்ட்ரியை விட்டால் வேர்ட்டின் பட்டியலில் நிலைக்காது. சிங்கள எழுத்துருக்களையும் இதே ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள், கந்தளாயிலிருந்து வரும் கடிதம் நகரத்திலும் திறக்கும்.

புதுப்பித்தல், அகற்றுதல்

புதிய பதிப்பை அதே ஜிபிஓவில் இன்னொரு பொதியாகச் சேர்த்து, அதன் 'அப்கிரேட்ஸ்' பகுதியில் பழையதைச் சுட்டுங்கள். மென்பொருளை நீங்களே கட்டுபவராக இருந்தால் ஒன்று: வின்டோஸ் இன்ஸ்டோலர் பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதியை மட்டும் ஒப்பிடும். 2.1.5.1 ஐ 2.1.5.2 ஆக்கினால் அதற்கு இரண்டும் ஒன்றே.

அகற்றும்போது, கொன்சோலில் ஜிபிஓவையே அழித்துவிட்டால் மென்பொருள் கணினிகளில் அப்படியே தங்கிவிடும். முதலில் பொதியை வலது சொடுக்கி, ஓல் டாஸ்க்ஸ், ரிமூவ், 'இமீடியட்லி அன்இன்ஸ்டோல்' கொடுங்கள். கந்தோரில் மாதக் கணக்கில் அணைந்து கிடக்கும் கணினியும் ஒருநாள் எழுந்து இந்தச் செய்தியைக் கேட்க வேண்டும், ஆகவே ஜிபிஓவை இன்னும் சில மாதம் விட்டுவையுங்கள். 'எல்லைக்கு வெளியே போனால் அகற்று' என்ற தெரிவைப் போடுமுன் யோசியுங்கள். ஒருவர் இடமாற்றம் பெற்று அவர் கணினியை வேறு ஓயூவுக்கு நகர்த்தினால், அடுத்த காலை அவருடைய மென்பொருளும் போயிருக்கும்.

இடம் போதவில்லை என்று சி:\வின்டோஸ்\இன்ஸ்டோலர் போல்டரை அழிப்பவர்களை மட்டும் எப்படியாவது தடுங்கள். அங்கே பல ஜிபி இருக்கும், குப்பைபோலத்தான் தெரியும். நிறுவிய ஒவ்வொரு எம்எஸ்ஐயின் பிரதியும் அதற்குள்தான் இருக்கிறது. அது போனால் மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், புதுப்பிக்கவோ அகற்றவோ போகும் நாளில்தான் 1612 வரும். அந்தக் கணினிக்கு, அதே பதிப்பின் அசல் பொதியை ஷெயாரிலிருந்து எடுத்து 'எம்எஸ்ஐஎக்ஸெக் /எப்வி' என்று கொடுத்தால் பிரதி மீண்டும் உருவாகும். பழைய பதிப்பு போல்டர்களை அழிக்காமல் வைத்திருந்தால்தான் இது முடியும்.